உடனே ஒரு பதில்

ஒரு கருவி மனிதனைக் காக்க வைக்கலாமா?

கேள்வி சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது. மனிதனை மனிதன் காக்க வைப்பதைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நானே என் நாவல்களில் ரயிலடியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் எத்தனையோ பேரைப் பக்கம் பக்கமாகக் காக்க வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு யந்திரம் ஐந்து வினாடி பேசாமல் இருந்தால் அதிலிருந்து ஒரு தர்ம விசாரம் புறப்படும் என்று நான் நினைத்ததில்லை. சென்ற ஆடி மாதம் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போயிருந்தபோது அப்படித்தான் நேர்ந்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டி நான் பிறந்த ஊர். சேலத்தை ஒட்டி, ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மாடியில் ஏறி நின்றால் சேர்வராயன் மலை கண்ணெதிரே நிற்கும். பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கிறேனே தவிர, கதை என்று எழுத உட்கார்ந்தால் பேனா இந்த ஊருக்குத்தான் போகிறது. அப்பாவின் மூன்றாம் வருஷ நினைவு நாளுக்காகப் போயிருந்தேன். அன்று வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு அப்பாவைப் பற்றி அரைமணி நேரப் படம் ஒன்று தயார் செய்ய வேண்டும் என்பது என் தங்கையின் ஆசை. புதிதாகப் படம் பிடிக்க ஒன்றுமில்லை. அப்பா இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு தங்கை மகளின் கல்யாணம் நடந்தது. அப்போது எடுத்த படங்கள் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு ஹார்ட் டிஸ்கில் அப்படியே கிடந்தன. அவற்றிலிருந்து அப்பாவை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும்.

பெரியப்பாவின் பேரன் ஒருவன் வீட்டு மாடியிலேயே ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஸ்டூடியோ என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர் திரை, ஒரு மேஜை விசிறி, சுவரில் பெண் மாப்பிள்ளைகளின் படங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றையும் படம் பிடித்துத் தொகுத்துக் கொடுக்கிறான். "சித்தப்பா, நீங்க பக்கத்துல உக்காந்து எது வேணும் எது வேண்டாம்னு சொன்னாப் போதும், மீதியை நான் பாத்துக்கறேன்" என்றான். கதை எழுதுகிறவனுக்கு எதை வைப்பது, எதை விடுவது என்பது தெரியாதா என்ன? உட்கார்ந்தேன்.

கால்மணி நேரத்துக்குள் சங்கடம் ஆரம்பமாகிவிட்டது. திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை. அதன்மேல் நிற்கும் ஒரு கோட்டை மவுஸால் இழுத்தால் அந்த இடத்துப் படம் மேலே தெரிய வேண்டும். பையன் இழுத்தான். கோடு நகர்ந்தது, படம் நகரவில்லை. காத்திருந்தோம். திடீரென்று படம் குதித்தது. வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது. பின்னால் இழுத்தான். மறுபடியும் மௌனம். திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. அதுவும் ஒரு தடவை நின்றுவிட்டது. "ஹேங் ஆயிடுச்சு" என்று மவுஸை மேஜைமேல் தட்டினான்.

எனக்கோ வயது நாற்பத்தாறு. புத்தி சொல்லுவதற்கு ஏற்ற வயது. "ஏன்டா, அஞ்சு வினாடி பொறுக்க முடியலையா உனக்கு? இதோ இந்த ஏற்காட்டு ரோட்டிலேதான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. அங்கே இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் ஏது? பிலிமைக் கையாலே வெட்டி ஒட்டி நூறு படத்துக்கு மேல எடுத்தாங்க. பொறுமை இருந்தது, படமும் நின்னுது" என்றேன்.

இப்படிச் சொல்லுவதில் எனக்குள்ள பெருமைக்குக் காரணம் உண்டு. ஜவுளித் தொழில் படிக்க இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பிய டி.ஆர். சுந்தரம், 1935-இல் சேலத்தில் நிறுவியது அந்த ஸ்டூடியோ. 1937-இல் அதன் முதல் படமான 'சதி அகல்யா' வெளிவந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்துதான் போயிற்று. 1950-இல் 'மந்திரி குமாரி', 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. இன்று ஸ்டூடியோ இல்லை. சாலையோரத்தில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வழியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் காலத்துப் பொறுமையைப் பற்றி மனத்துக்குள் ஒரு சிறு பிரசங்கம் செய்துகொள்வது என் வழக்கம்.

பையன் எதிர்த்துப் பேசவில்லை. "பின்தெருவுல ஒரு பெரியவர் இருக்காருங்க சித்தப்பா. அங்கே எடிட்டிங் ரூம்ல வேலை பாத்தவர். அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, நின்றுபோன யந்திரத்தை அணைத்து மறுபடியும் ஏற்றினான்.

கேட்கத்தான் போனேன்.

பெரியவருக்கு எண்பது நெருங்குகிறது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதலாளி சுந்தரம் காலமான 1963-ஆம் வருஷம் அவர் அங்கே உதவியாளாகச் சேர்ந்தாராம். பதினேழு வயது. பிலிம் துண்டுகளைத் தேடி எடுப்பது, ஓரத்தைச் சுரண்டுவது, சிமெண்ட் தடவி ஒட்டுவது, ஒட்டியதை எண்ணி எழுதிவைப்பது இவைதான் வேலை.

"அந்தக் காலத்து மெதுவான மிஷின்ல நீங்க எல்லாம் எவ்வளவு பொறுமையா இருந்தீங்கன்னு இவனுக்குச் சொல்லுங்கய்யா" என்று ஆரம்பித்தேன்.

பெரியவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"மெதுவான மிஷினா? யாரு தம்பி சொன்னாங்க? மூவியோலா மெதுவான மிஷின் இல்லை. காலை வெச்சா ஓடும், காலை எடுத்தா நிக்கும். கையாலே உருளையைத் தள்ளினா ஒரே ஒரு பிரேம் நகரும், பின்னாடி தள்ளினா பின்னாடி வரும். நான் தள்ளறதுக்கும் அது நகர்றதுக்கும் நடுவுல ஒரு இமை கொட்டற நேரம் கூடக் கிடையாது. துண்டைத் தேடறதுதான் நேரம். ஒட்டறதுதான் நேரம். அது எங்க வேலை, மிஷின் மேல குத்தம் இல்லை. எங்கப்பா தறிக்காரரு. மிதியை மிதிச்சா பாவு பிரியணும், நாடா ஓடணும். மிதிச்சு ஒரு நாழி கழிச்சுப் பிரியற தறியிலே யாராலே தம்பி நெய்ய முடியும்?"

நான் பதில் பேசவில்லை. ஒரு வாக்கியத்தில் என் பிரசங்கம் முழுவதும் கவிழ்ந்துவிட்டது. பழைய கருவி மெதுவாக வேலை செய்தது. ஆனால் உடனே கேட்டது. புதிய கருவி கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் துண்டுகளை ஒட்டுகிறது. ஆனால் கூப்பிட்டால் சில சமயம் ஏனென்று கேட்பதில்லை. வேகம் ஒன்று, செவிசாய்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு நான் இத்தனை நாள் பொறுமையைப் பற்றிப் பேசி வந்திருக்கிறேன்.

மூவியோலாவைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இவான் செருரியே என்பவர் முதலில் பணக்காரர் வீடுகளில் வைத்துப் படம் பார்ப்பதற்காக ஒரு பெட்டியைச் செய்தார். விற்கவில்லை. 1924-இல் அதையே திருத்திப் படம் தொகுப்பவர்களுக்குக் கொடுத்தார். ஹாலிவுட் பிடித்துக்கொண்டது; உலகமும் பிடித்துக்கொண்டது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்குப் பதினாறு படங்கள். வினாடிக்கு இருபத்துநான்கு படங்கள் ஓடும். நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். தொகுப்பவர் இந்தக் கணக்கை வாயால் சொல்லமாட்டார். அவருடைய காலும் கையும் சொல்லும். தட்டுகிற விரலுக்கும் ஒலிக்கிற தாளத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மிருதங்கம் உண்டா? அது மாதிரிதான்.

இந்த இடைவெளியைப் பற்றிப் பிற்பாடு கம்ப்யூட்டர்க்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். 1968-இல் ராபர்ட் மில்லர் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனும் கம்ப்யூட்டரும் நடத்துவது ஒருவிதச் சம்பாஷணை, ஆகவே சம்பாஷணைக்குரிய மரியாதை அதற்கும் வேண்டும் என்பது அவர் கட்சி. விசையை அழுத்தினால், அழுத்தியது தெரிந்தது என்ற அடையாளம் பத்தில் ஒரு வினாடிக்குள் வரவேண்டும். தொடர்ந்து யோசித்துச் செய்கிற வேலையில் விடை இரண்டு வினாடியைத் தாண்டலாகாது. அதற்குமேல் வெகுநேரம் போனால் மனிதன் மனத்தால் எழுந்து வேறிடம் போய்விடுகிறான்.

1982-இல் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த வால்டர் டோஹர்டி, அஹர்விந்த் தடானி என்ற இருவர் இன்னொரு படி மேலே போனார்கள். யந்திரம் பதில் சொல்லும் நேரம் குறையக் குறைய, அடுத்த கட்டளையைக் கொடுக்க மனிதன் எடுத்துக்கொள்ளும் நேரமும் குறைகிறது என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். காரணம் என்ன? நாம் ஒவ்வொரு காரியமாக நினைப்பதில்லை. நாலைந்து காரியங்களை ஒரு சரமாகக் கோத்து மனத்தில் பிடித்துக்கொண்டு செய்கிறோம். நடுவில் யந்திரம் நின்றால் சரம் அறுந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். பேனா மையற்றுப்போய் ஒரு வாக்கியத்தின் நடுவே நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மை கொண்டுவந்து ஊற்றுவதற்குள் வாக்கியம் போய்விடும். திரும்பி வருவது வேறொரு வாக்கியம்.

மாடிக்குத் திரும்பி வந்து, என் பிரசங்கத்தை வாபஸ் வாங்கிக்கொள்வதாகப் பையனிடம் சொன்னேன். சிரித்தான். யந்திரம் ஏன் மௌனம் சாதிக்கிறது என்று கேட்டேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

இந்தக் காலத்துக் காமிராக்கள் ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதிவைப்பதில்லை. இடம் போதாது. மளிகைக் கடைப் பற்று நோட்டைப் போல, ஒரு பக்கத்தில் பாக்கியை முழுசாக எழுதிவிட்டு, பின்வரும் பக்கங்களில் கூடியதையும் குறைந்ததையும் மட்டும் குறித்துக்கொண்டு போகின்றன. பாத்திரக் கணக்கு, ஆள் கணக்கு எல்லாம் அப்படியே இருக்க, மணமகள் தலை மட்டும் சற்றுத் திரும்பியிருந்தால் அந்தத் திரும்பல் மட்டும் எழுதப்படுகிறது. 2003-இல் வந்த எச்.264 என்ற முறை பெரும்பாலும் இப்படித்தான் உபயோகமாகிறது. வரிசையாக முன்னால் ஓடினால் தொந்தரவில்லை. நடுவிலே ஒரு பக்கத்தைத் திறந்து "இன்று பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், கடைசியாக முழுசாக எழுதிய பக்கத்துக்குப் போய் அங்கிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு வரவேண்டும். பின்னோக்கிப் போவதென்றால் ஒவ்வொரு அடிக்கும் இந்த வம்பு. எடுப்பதற்கு வசதியான முறை. தொகுப்பதற்கு அவஸ்தையான முறை.

"முன்னாடி போறது சுலபம், பின்னாடி வர்றதுதான் கஷ்டம்" என்று முடித்தான் பையன். அவன் தத்துவம் பேசவில்லை. தொழிலைத்தான் சொன்னான். எனக்கு மட்டும் அது வேறு எங்கேயோ போய்த் தைத்தது.

"இதுக்கு வைத்தியம் இல்லையா?"

"இருக்கு. ப்ராக்ஸி போடணும். ஒவ்வொரு படத்துக்கும் சின்னதா, லேசா ஒரு நகல். அதுல பிரேம் எல்லாம் முழுசு முழுசா இருக்கும். அதை வெச்சு வெட்டி ஒட்டிட்டு, கடைசியில ஒரிஜினலை மாத்திக்கலாம். ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலையில ஆயிடும். அவசரம்னு நான்தான் அதைச் செய்யாம உக்காந்துட்டேன்."

கவனியுங்கள். ஒரு ராத்திரி காத்திருக்க மனமில்லாத அவசரம்தான் பகல் முழுவதும் எங்களைக் காக்க வைத்தது.

மறுநாள் காலையில் போனேன். கோடு நகர்ந்தது, அப்பாவும் கூடவே நகர்ந்தார். விரலைப் பின்னால் இழுத்தால் அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். படம் சற்று மங்கல்தான். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வந்தது. நல்ல சேவகன் அப்படித்தான். கேட்ட சாமானைத் தேடி எடுக்க நேரமாகலாம். "இதோ" என்ற குரல் உடனே வந்துவிட வேண்டும்.

மத்தியானத்துக்குள் இருபது நிமிஷப் படம் சேர்ந்துவிட்டது. அப்பா பந்தியில் இலை போடுகிறார். அப்பா பேத்திக்குத் திருநீறு வைக்கிறார். அப்பா யாருடனோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டை போடுகிறார். சிரித்துக்கொண்டே பார்த்துவந்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது.

மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசல். அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் கையில் போனுடன் அந்தப் பக்கம் வருகிறேன். அப்பா என் முழங்கையைத் தொடுகிறார். நாதஸ்வரம் அந்த விநாடி பார்த்து ஓய்ந்திருக்கிறது. "கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையேப்பா?" என்கிறார். நான் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் காற்றில் அசைக்கிறேன், 'அப்புறம்' என்ற அர்த்தத்தில். நான் நகர்ந்துவிட்ட பிறகும் அப்பாவின் கை சற்று நேரம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.

ஏழு வினாடி. வினாடிக்கு இருபத்தைந்து பிரேம், மொத்தம் நூற்றெழுபத்தைந்து.

அவர் கேட்டது இதுதான். மலையடியில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. விற்பதா, வைத்துக்கொள்வதா, தங்கை பேருக்கு எழுதுவதா? கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு போனில் என் அபிப்பிராயம் கேட்டிருந்தார். எனக்கு அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. மூன்று இருந்தன. சரியாக யோசித்து, தங்கை மனமும் நோகாமல், அப்பா மனமும் நோகாமல் ஒரு முழுப் பதிலாகச் சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். அவர் இரண்டு தடவை போன் செய்தார். பதில் தயாராகவில்லை என்பதால் நான் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பின்னும் தயாராகவில்லை. ஒரு நாள் விடியற்காலை தங்கை போன் செய்தாள். அதற்குப் பிறகு பதிலுக்கு அவசியம் இருக்கவில்லை.

"இதை எடுத்துடு" என்றேன் பையனிடம்.

ஒரு தட்டு. ஏழு வினாடியும் போயிற்று. அப்பா நாற்காலியில் உட்கார்கிறார். அடுத்தபடி பேத்தியை வண்டியேற்றுகிறார். ஒட்டியது தெரியவேயில்லை. பெரியவருடைய காலத்தில் சிமெண்ட் போட்டு ஒட்டும்போது சுரண்டுகிற இடத்தில் ஒரு பிரேம் அழிந்துபோகுமாம். மனம் மாறி வெட்டியதை மறுபடி சேர்க்க வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு கறுப்புத் துண்டை வைத்து நீளத்தைச் சரிக்கட்டுவார்களாம். மனம் மாறியதற்கு அடையாளமாக அங்கே ஒரு கறுப்பு மின்னும். எங்கள் வெட்டில் எந்த அடையாளமும் இல்லை.

"ஓட்டிப் பாக்கலாமா?" என்றான்.

ஓட்டினான். அழகாக இருந்தது. அப்பா சந்தோஷமாக இருந்தார். நான் எங்குமே இல்லை. அதனால் குற்றமும் இல்லை. ஆனால் ஏதோ சரியில்லை. முன்னும் பின்னும் வருகிற முகங்களுக்கு நடுவே, அப்பாவின் முகம் ஏன் திடீரென்று ஓய்ந்துபோகிறது என்பதற்குக் காரணம் காணாமல் போயிருந்தது. கதையில் காரணத்தைத் திருடியவன் மாட்டிக்கொள்வான் என்பது என் தொழிலின் பாலபாடம். "திரும்பப் போடு" என்றேன். வந்தது. கை அசைப்பதை மட்டும் வெட்டினோம். அப்பா கேட்கிறார், நான் தலையாட்டுவதுபோல் முடிகிறது. அது இன்னும் மோசம். முதலாவது வெறும் மறைப்பு, இது பொய்ச்சாட்சி. அதையும் திருப்பினோம். இப்படி ஐந்து தடவை. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. கடைசியில் ஏழு வினாடியும் முழுசாக அதன் இடத்தில் உட்கார்ந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் இருந்த நிலையில் யந்திரம் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஒரே தடவை வெட்டியிருப்பேன். ஓட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் காத்திரு, திருப்பிப் போட இன்னொரு நிமிஷம் காத்திரு என்றால், "போதும், இதுவே இருக்கட்டும்" என்று எழுந்திருப்பேன். மனம் மாறுவதற்குரிய விலை ஏறும்போது, மனம் மாறாமலிருப்பதற்கு நாம் நல்ல பெயர்கள் கண்டுபிடிக்கிறோம். உறுதி என்கிறோம், பொறுமை என்கிறோம். உண்மையில் அது சோர்வு. உடனே செவிசாய்க்கிற கருவியின் உயர்ந்த குணம் அது நேரத்தை மிச்சப்படுத்துவதல்ல. செய்த தப்பை அப்பொழுதே கண்ணெதிரே காட்டி, திருத்திக்கொள்ளச் சந்தர்ப்பம் தருகிறதே, அதுதான்.

இதற்கு மறுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். பொய் சொல்லுவதும் அதே அளவுக்குச் சுலபமாகிவிடவில்லையா? ஆகிவிட்டது. ஒரு தட்டில் அப்பாவின் கேள்வியை நானே அழித்தேனே! கருவி என் விரலுக்குச் செவிசாய்த்ததே தவிர, என் மனச்சாட்சிக்கு அல்ல. வெட்டுவதா வேண்டாமா என்று தயங்க வேண்டியவன் நான். அந்தத் தயக்கத்தையும் கருவியே செய்யட்டும் என்று எதிர்பார்ப்பது, அரிவாள் மழுங்கியிருந்தால் கொலை குறையும் என்று சொல்லுவதுபோல. மழுங்கிய அரிவாளால் அறுவடையும்தான் குறையும்.

இன்னொரு மறுப்பு சற்று நுட்பமானது. வால்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தொகுப்பாளர் 1996-இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்துக்காக ஆஸ்கர் பரிசு பெற்றார். கம்ப்யூட்டரில் தொகுத்த ஒரு படத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆவிட் என்ற தொகுப்பு யந்திரம் 1989-இல் வந்தது. தமிழில் 1994-இல் 'மகாநதி'யே அம்முறைக்கு வழி திறந்தது. புதுமுறையில் பரிசு வாங்கிய அதே மர்ச், பழைய முறைக்கு ஒரு லாபம் இருந்ததைச் சொல்லத் தவறவில்லை. ஒரு காட்சியைத் தேடிச் சுருளை ஓட்டிக்கொண்டு போகும்போது, வழியில் கேட்காத காட்சிகளும் கண்ணில் படும். சில சமயம் தேடியதைவிட அது நல்லதாக அமைந்துவிடும். கம்ப்யூட்டரோ கேட்டதை மட்டும் கொடுக்கிறது.

நியாயமான பேச்சு. ஆனால் சற்று நின்று பாருங்கள். அங்கே லாபம் தந்தது தாமதம் அல்ல. தாமதத்தின்போது பிலிம் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்ததே, அது தந்த லாபம். காத்திருக்கும்போது பார்க்க ஒன்று இருந்தது. நின்றுபோன திரையின் எதிரே காத்திருப்பவனுக்கு அதுவும் இல்லை. வேலை நடக்கிறதா, செத்துவிட்டதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. மனிதனை வருத்துவது நேரம் அல்ல, அந்தத் தெரியாமைதான்.

வள்ளுவர் வினைசெயல்வகையில், நிதானித்துச் செய்யவேண்டியதை நிதானித்தும், நிதானிக்கலாகாததை உடனேயும் செய்யச் சொல்லுகிறார். எது எந்த ஜாதி என்று பிரிக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டார். இந்த வயதில் எனக்குத் தெரிந்தவரை ஒரு பிரிவு சொல்லுகிறேன். முடிவு தாமதிக்கலாம், தாமதிக்கவும் வேண்டும். ஆனால் 'நீ கேட்டது என் காதில் விழுந்தது' என்ற சொல் தாமதிக்கக் கூடாது. முதலாவது அறிவின் வேலை. இரண்டாவது மரியாதை. நிலத்தைப் பற்றி என் அபிப்பிராயம் தெளிய ஒரு வருஷம் ஆகியிருந்தாலும் அப்பா பொறுத்திருப்பார். நிலத்தில் மழை பார்த்து வாழ்ந்தவருக்குப் பொறுக்கத் தெரியாதா? "யோசிச்சுக்கிட்டிருக்கேன்ப்பா, எனக்கே குழப்பமா இருக்கு" என்று மங்கலாக ஒரு நகல் பதிலைக் கொடுத்திருக்கலாம். முழுப் பதில் கைக்கு வரும்வரை பேசுவதில்லை என்று நான் உட்கார்ந்திருந்தேன். அதற்குக் கவனம் என்று பெயர் வைத்திருந்தேன். அப்பாவின் பக்கத்திலிருந்து பார்த்தால், அது நின்றுபோன திரை.

யந்திரங்களை உடனே பதில் சொல்லப் பழக்குவதற்குக் கெட்டிக்காரர்கள் வருஷக்கணக்காக உழைக்கிறார்கள். மனிதர்களுக்கு அந்தச் சிரமமில்லை. ஒரு வார்த்தை போதும்.

நினைவு நாளன்று கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டினோம். உறவினர் எல்லாரும் அங்கங்கே சிரித்தார்கள், அங்கங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏழு வினாடி வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இலை எடுத்து, வந்தவர்கள் போன பிறகு, தங்கை பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

"அண்ணா, அந்தச் சாப்பாட்டு வாசல்ல அப்பா உங்கிட்ட என்னமோ கேட்டாரே, என்ன அது?"

பதிலைச் சரியாக யோசித்துச் சொல்ல வேண்டும் என்று மனம் பழைய வழக்கப்படி ஆரம்பித்தது.

"நிலத்தைப் பத்திக் கேட்டாரும்மா. நான் பதில் சொல்லலை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்கிட்டயும் சொன்னாரு" என்றாள். அடுத்த பாத்திரத்தை எடுத்து நான் துடைத்துக் கொடுத்தேன்.